பைக்குள் இருக்கும் புள்ளி

பிப்ரவரி 4

முதல் தட்டு தேறிவிட்டது. சிவப்புச் சாயம் ஏற்றிய டௌ நூல்களைச் செல்கள் மேல் விட்டு, நாலு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து, கழுவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு செல்லிலும் இருபது முப்பது சிவப்புப் புள்ளிகள். "உள்ளே போய்விட்டது" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

(இந்தப் புரதத்தின் பெயரை 'டௌ' என்றே எழுதப்போகிறேன். 'டாவு' என்று எழுதினால் இது வேறு மாதிரி நாட்குறிப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.)

டௌ பிறவியிலேயே கெட்ட புரதம் கிடையாது. நரம்புச் செல்லுக்குள் தண்டவாளம் மாதிரி ஓடும் நுண்குழல்களோடு ஒட்டி, அவை குலையாமல் பார்த்துக்கொள்ளும். 1975ல் அதைக் கண்டுபிடித்ததே இந்த வேலையை வைத்துத்தான். அல்சைமர் நோயில் அது குழலை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டி நூலாகத் திரள்கிறது. 1906ல் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் பார்த்துச் சொன்ன சிக்குகள் இந்த நூல்களால் ஆனவை. ஒரு செல்லில் திரண்ட நூல் அடுத்த செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் என் தலையில் விழுந்திருக்கும் கேள்வி.

பிப்ரவரி 5

அடிக்கோட்டை அழிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டை 4 டிகிரி குளிரில் வைத்திருந்தேன். அந்தக் குளிரில் செல் எதையும் விழுங்காது. ஆகவே அந்தத் தட்டில் புள்ளியே இருக்கக் கூடாது. இருந்தது. நேற்றுப் பார்த்ததுபோலவே, செல்லுக்கு இருபது முப்பது. லேபில் சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டிரிப்சின் போட்டியா?" என்றார்.

"போடலை அக்கா."

"அப்ப நீ எண்ணினது வாசல்ல நிக்கிற கூட்டம். உள்ள யாரு இருக்கான்னு இன்னும் உனக்குத் தெரியாது."

திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் வீட்டு ஆட்கள் என்று கணக்கெழுதியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க.

பிப்ரவரி 9

டிரிப்சின் ஒரு செரிமான நொதி. செல்லுக்கு வெளியே ஒட்டியிருக்கும் புரதங்களை வெட்டிவிடும், உள்ளே இருப்பதைத் தொடாது. செல்கள் தட்டை விட்டுக் கிளம்பிவிடும் என்பதால் கழுவிப் புதுக் கண்ணாடியில் மறுபடி உட்கார வைக்க வேண்டும். அலுப்பு பிடித்த வேலை, ஆனால் பதில் தெளிவு: குளிர்த் தட்டு ஏறக்குறைய காலி. 37 டிகிரித் தட்டில் புள்ளிகள் பாதிக்கு மேல் போய்விட்டன, மிச்சம் நிஜமாகவே உள்ளே.

அந்தக் கூட்டம் வாசலில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? செல்லின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. சல்ஃபேட் எதிர்மின் சுமை கொண்டது. டௌ புரதத்தின் நடுப்பகுதியில் நேர்மின் சுமை கொண்ட லைசின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய. அந்த ஈர்ப்புதான். 2013ல் இதைக் காட்டினார்கள். 2020ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்திலிருந்து எல்ஆர்பி1 என்ற ஏற்பியின் (வெளியே இருப்பதைப் பிடித்து உள்ளே இழுக்கும் மேற்பரப்புப் புரதம்) கதை வந்தது: அதைக் குறைத்தால் தனித்தனி டௌ உள்ளே போவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, திரண்ட நூல்கள் போவது ஓரளவுக்குத்தான் குறைகிறது. அப்படியானால் பெரியவற்றுக்கு வேறு வழியும் இருக்கிறது.

செல்கள் மிதக்கும் திரவத்தில், ஹெப்பரான் சல்ஃபேட்டின் உறவுக்காரச் சர்க்கரையான ஹெப்பாரினைக் கொஞ்சம் கலந்தால் டௌ அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், செல்லைத் தேடாது. செய்து பார்த்தேன், புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், சோதனைக் குழாயில் டௌ நூல்களைத் திரட்டவும் நாங்கள் போடுவது இதே ஹெப்பாரின்தான். அப்படித் திரட்டிய நூலும் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த நூலும் ஒரே மடிப்பில் இல்லை என்று 2019ல் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள் காட்டிவிட்டன. அதை நினைத்தால் என் தட்டுகள் மேல் நம்பிக்கை கொஞ்சம் குறைகிறது. சரி, இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்.

பிப்ரவரி 10

இன்குபேட்டரில் பூஞ்சை. எல்லாத் தட்டும் குப்பைக்கு.

பிப்ரவரி 19

புதுச் செல்கள் தயாராகும்வரை படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க 9ம் தேதி எழுதியதும் தப்பு என்று தோன்றுகிறது.

"மிச்சம் நிஜமாகவே உள்ளே" என்று எழுதினேன். செல் விழுங்கும்போது என்ன நடக்கிறது? சவ்வு குழிந்து, கழுத்து இறுகி, துண்டாகி, ஒரு பையாக உள்ளே வருகிறது. அதுதான் எண்டோசோம். பையின் உள்பக்கம் என்பது ஒரு நிமிஷம் முன்னால் செல்லின் வெளிப்பக்கமாக இருந்த அதே இடம். சட்டைப்பையில் போட்ட சில்லறை வயிற்றுக்குள் போய்விடுவதில்லை. சவ்வைத் தாண்டாதவரை டௌ நூலும் அப்படித்தான்.

பை மெல்ல மெல்ல அமிலமாகிறது, கடைசியில் செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு கலக்கிறது. அங்கே பிஎச் 5க்குப் பக்கம், வெட்டும் நொதிகள் நிறைய. வந்ததில் பெரும்பகுதி அங்கேயே அரைபட்டுப் போகும். ஆபத்து என்பது பை கிழிந்து ஒரு துண்டு சைட்டோசோலுக்குள், அதாவது பைகளுக்கு வெளியே இருக்கும் செல்லின் உள்திரவத்துக்குள், நழுவுவதுதான். செல்லின் சொந்த டௌ அங்கேதான் இருக்கிறது. நழுவிய துண்டின் முனையில் அது வந்து ஒட்டி, அதே மடிப்புக்கு மாறி, நூல் வளர்கிறது. பை கிழிந்தால் ஒட்டுப்போடுவதற்கு எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் இருக்கிறது. அதைப் பலவீனமாக்கினால் டௌ அதிகமாக நழுவுகிறது என்று 2019ல் ஒரு ஆய்வு வந்தது.

ஆக, நான் எண்ண வேண்டியது புள்ளிகளை இல்லை. நழுவியவற்றை.

பிப்ரவரி 21

இன்று எண்ணவே இல்லை, வேடிக்கைதான் பார்த்தேன். நரம்புச் செல்களில் நேரடிப் படம், இரண்டு நொடிக்கு ஒரு ஃபிரேம்.

ஒரு சிவப்புப் பை, நரம்புச் செல்லின் நீள இழையான ஆக்சான் வழியாகச் செல் உடலை நோக்கி வந்தது. ஓட்டம், நிறுத்தம், இரண்டு எட்டு பின்னால், மறுபடி ஓட்டம். டைனீன் என்ற மோட்டார் புரதம் செல் உடல் பக்கம் இழுக்கும், கைனெசின் பெரும்பாலும் எதிர்ப்பக்கம். ஒரே பையில் இரண்டும் மாட்டியிருக்கும், அதனால்தான் இந்த இழுபறி. ஓடும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். நிற்காமல் போனால் ஒரு மீட்டர் கடக்கப் பன்னிரண்டு நாள் பிடிக்கும்.

இந்த மோட்டார்கள் நடப்பது நுண்குழல் மேல். அந்தக் குழலில் ஒட்டியிருப்பது செல்லின் சொந்த, ஒழுங்கான டௌ. கைனெசின் அதில் இடறி விழுந்துவிடும், டைனீன் பெரும்பாலும் திரும்பி நடக்கும் என்று 2008ல் காட்டியிருக்கிறார்கள். கெட்டுப்போன டௌ பயணம் போகிறது, நல்ல டௌ பாதையில் நிற்கிறது. அரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை எதுவும் ஆகவில்லை.

பிப்ரவரி 26

போன பதிவைப் படித்த ஒருவர், "இது தொற்று நோயா?" என்று கேட்டிருந்தார். நியாயமான பயம். மறதி நோய் உள்ளவரைத் தொட்டால், பக்கத்தில் இருந்தால், பராமரித்தால் வராது. நான் சொல்லும் பரவல் ஒரே மூளைக்குள், இணைப்புகள் வழியாக. ஹைக்கோ பிராக்கும் இவா பிராக்கும் 1991ல் ஆறு நிலைகளாகப் பிரித்தது அந்த வரிசையைத்தான்: மூளையின் உள்ளோரத்து என்டோரைனல் பகுதியில் தொடங்கி, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ், அப்புறம் மேற்புறணி. வரிசை இருப்பதால் மட்டும் டௌ செல்லுக்குச் செல் நடந்துபோனது என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் 2009ல், டௌ திரண்ட எலியின் மூளைச் சாற்றை வேறொரு வகை எலியின் மூளையில் ஊசியால் செலுத்தியபோது, அங்கேயும் டௌ திரண்டு பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவியது.

மார்ச் 3

புதுச் செல்கள் வந்தாயிற்று. இவை உளவுச் செல்கள். டௌ புரதத்தின் ஒரு துண்டை ஒளிரும் புரதத்தோடு சேர்த்து இவையே தயாரிக்கும். சாதாரணமாகச் செல் முழுக்க மங்கலான வெளிச்சம். வெளியிலிருந்து வந்த துண்டு சைட்டோசோலைத் தொட்டுவிட்டால் அந்த மங்கல் ஒடுங்கிப் பளிச்சென்று கட்டிகளாகிவிடும். பைக்குள் உட்கார்ந்திருக்கும் டௌ இங்கே கணக்கில் வராது.

இரண்டு தட்டு. ஒன்றில் வெறும் நூல். இன்னொன்றில் அதே நூல், அதே அளவு, ஆனால் சவ்வைத் தாண்டவைக்கும் கொழுப்புக் கலவையோடு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கொழுப்புத் தட்டில் திரும்பிய பக்கமெல்லாம் கட்டிகள். வெறும் நூல் தட்டில் கண்ணாடி முழுக்கத் தேடி மூன்று செல்கள். அந்தத் தட்டிலும் சிவப்புப் புள்ளி இல்லாத செல் கிடையாது.

அக்காவிடம் காட்டினேன். "மூணா? பரவால்லையே" என்றார்.

மார்ச் 4

டௌவைப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. ஆன்டிபாடி வெளியே சுற்றுவது, அப்புறம் உள்ளே என்ன பயன்? 2017ல் கேம்பிரிட்ஜில் செய்த வேலையில் பதில் கிடைத்தது. ஆன்டிபாடி ஒட்டிய டௌ சைட்டோசோலுக்குள் நழுவினால், அங்கே டிரிம்21 என்ற புரதம் அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து, மொத்தத்தையும் சிதைக்க அனுப்பிவிடுகிறது. டிரிம்21 இருப்பது சைட்டோசோலில். அது பிடிக்கிறது என்றாலே டௌ பையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், கிழிசலைப் பார்த்தால் போதும். அதற்கு கேலெக்டின்-3 இருக்கிறது. சைட்டோசோலில் சும்மா மிதக்கும். பையின் உள்சுவரில் மட்டுமே இருக்கும் சில சர்க்கரைகள் கிழிசல் வழியாகத் தெரிந்தால் உடனே போய் ஒட்டும். அதைப் பச்சையாக ஒளிரவைத்திருக்கிறோம்.

மாலை ஆறரை மணி. ஒரு செல், முப்பத்தொரு சிவப்புப் புள்ளி. முப்பதைச் சுற்றி இருட்டு. ஒன்றைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம்.

படத்தைச் சேமித்துவிட்டேன். நோட்டில் அடிக்கோடு போடவில்லை. நாளைக்குக் குளிர்த் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.