இணைக்கொம்பு இடம் மாறிய கதை

எங்கள் நிரல்மொழியின் பெயர் இழை. தமிழில் கட்டளை கொடுத்தால் திரையில் கோலம் போடும். பள்ளிப் பிள்ளைகளுக்காக நண்பர்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். மொழி உருவான கதையைக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். அதன் லோகோ எங்களைப் படுத்திய பாட்டைத்தான் யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே ஓர் எரிச்சல். ‘நிரல்மொழி லோகோ’ என்று தேடினால், 1967இல் பிறந்த லோகோ என்ற நிரல்மொழி வந்து நிற்கிறது. ஆமையை நகர்த்திப் படம் வரைய வைக்கும் மொழி. எங்கள் மொழிக்குப் பாட்டி முறை என்பதால் திட்டவும் முடியவில்லை.

மயில், யாழ், பனைமரம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். மயிலைப் பார்த்தால் பட்டுப்புடவைக் கடை ஞாபகம் வந்தது. பெரிய மொழிகளின் அடையாளங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் பிறந்தது. பைத்தான் என்ற பெயர் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிடமிருந்து வந்தது. அதன் லோகோவில் நெளிவதோ இரண்டு பாம்புகள். பிஎச்பி என்ற ஆங்கில எழுத்துகளைப் பக்கவாட்டில் பார்த்த ஒருவருக்கு யானை தெரிந்திருக்கிறது. அந்த நீல யானைதான் 1998 முதல் உலவுகிறது. நாங்கள் இவ்வளவு தூரம் அலைந்திருக்கவே வேண்டாம். கோலம் போடும் மொழிக்குக் கோலம்தானே அடையாளம்? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். நான்கு புள்ளி, சுற்றி ஒரு சிக்கு இழை, கீழே ‘இழை’ என்று பெயர். முடிவாகிவிட்டது.

வரைந்து கொடுத்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது அவர் குற்றமில்லை. படிக்கத் தெரிந்த நாங்கள் படிக்காததுதான் குற்றம். மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பினார். மூவரும் நிறத்தைப் பற்றியே மூன்று நாள் சண்டை போட்டோம். காவியா செம்மண்ணா என்று! செம்மண் வென்றது. 500 ஸ்டிக்கர் அச்சடித்தோம். பயிலரங்குக்கு முதல் நாள் பெட்டியைப் பிரித்தால், ழகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ‘ை’ என்ற இணைக்கொம்பு பின்னால் போய் நிற்கிறது. அவருடைய பழைய மென்பொருளுக்குத் தமிழ் உயிர்மெய்யைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை. எழுத்தை வெறும் கோட்டுப் படமாகவும் மாற்றிவிட்டதால் திருத்தவும் வழியில்லை. முதலிலிருந்து வரைய வேண்டும். அச்சுக்கூலி போனது போனதுதான்.

ஆகவே, தமிழ் எழுத்து உள்ள எதையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் தாளில் எடுத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஆக்கியவர் கண்ணுக்கு அந்தப் பிழை தெரியவே தெரியாது.

இரண்டாம் வடிவத்தில் எழுத்து சரியாக இருந்தது. பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. “என்னடா, இழை மூடவே இல்லையே?” என்றார். அழகுக்காக ஓரிடத்தில் கோட்டை விட்டுவிட்டு வரைந்திருந்தார்கள். தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சேராத சிக்குக் கோலத்தை எங்கள் தெருவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

உலாவியின் தாவலில் வைத்தபோது இன்னொரு அடி. அங்கே கிடைப்பது அகலம் 16, உயரம் 16 படப்புள்ளிகள். கோலம் நசுங்கிய ஜாங்கிரிபோல் இருந்தது. பெயரையும் புள்ளிகளையும் எடுத்துவிட்டு, தடித்த இழை மட்டும் உள்ள தனி வடிவம் செய்தோம். இதை முதல் நாளிலேயே பார்த்திருக்க வேண்டும்.

உரிமைப் பத்திரத்தில் மட்டும் தப்பித்தோம். பெர்ல் என்ற நிரல்மொழி என்றால் எல்லோருக்கும் ஒட்டகம் நினைவுக்கு வருகிறது. அந்த ஒட்டகம் ஓ’ரைலி பதிப்பகத்தின் வர்த்தக முத்திரை. இதைப் படித்த பயத்தில், லோகோவின் உரிமையை வரைந்தவரிடம் எழுதி வாங்கினோம். நண்பர் ஒருவர் சட்டம் படித்தவர். அவர்தான் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுதான் செல்லும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அந்த வழக்கறிஞர் கேட்ட கூலி ஒரு ஃபில்டர் காப்பி.

வர்த்தக முத்திரைக்கு என் பெயரில், மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பில் விண்ணப்பித்தேன். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். எல்லாம் சுமுகம் என்று நினைத்திருந்தபோது குறை சுட்டி அறிக்கை வந்தது. முத்திரையில் தமிழ் எழுத்து இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். நான் தரவில்லை. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ‘இழை’யின் ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று மூவரும் மறுபடி சண்டை போட்டதில் அதில் 12 நாள் போயிற்று.

பதில் அனுப்பிவிட்டோம். பழைய ஸ்டிக்கர்களில் 460 இன்னும் பரணில் இருக்கின்றன. பயிலரங்கில் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு ஆளுக்கொன்று கொடுக்கிறோம்.