காப்புரிமை விண்ணப்பம்: எதை நாமே எழுதலாம், எதை எழுதக் கூடாது

சொந்தமாக ஒரு கருவியை உருவாக்கிய நண்பர்கள் காப்புரிமையைப் பற்றி என்னிடம் கேட்கும்போது, முதலில் வெளிப்படுவது, விண்ணப்பத்தை நமக்காக எழுதித் தாக்கல் செய்யும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பற்றிய கவலைதான். அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை பெரிதன்று. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் 1,600 ரூபாய், பரிசீலனை கோருவதற்கு 4,000 ரூபாய். ஏஜென்ட்டின் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு. சட்டமும் ஏஜென்ட் வேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் தாமே கையொப்பமிட்டுச் சென்னை கிண்டி அலுவலகத்தில் தாக்கல் செய்யலாம். ஆகவே, நாமே செய்தால் என்ன என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

படிவங்களை நாமே நிரப்பலாம், ஆனால் கிளெய்ம்களை நாமே எழுதக் கூடாது என்பது என் கருத்து. ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு வரும் அந்த வாக்கியங்கள், நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போன்றவை. உரிமை அவற்றுக்குள்தான் அடங்கும். தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றைச் செய்தவர், "இரண்டு எஃகுச் சுருள்வில்களால் பின்னுக்கு இழுக்கப்படும் கத்திகள்" என்று முதல் கிளெய்மில் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பட்டறையில் இருப்பது அதுதான் என்பதால், அவருக்கு அது நேர்மையான வருணனையாகவே தோன்றும். ஆனால் போட்டியாளர் வில்லை எடுத்துவிட்டு ரப்பர் கட்டையை வைத்து அதே வேலையைச் செய்தால், தம் கருவி அந்தக் கிளெய்முக்குள் வராது என்று எளிதாக வாதாடுவார். அனுபவமுள்ள ஏஜென்ட், "கத்திகளைத் தொடக்க நிலைக்கு மீட்கும் அமைப்பு" என்று விரிவாகத் தொடங்கி, சுருள்வில்லை அடுத்த கிளெய்மில் வைப்பார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி கிளெய்மைச் சுருக்கலாமே தவிர, முன்பிருந்த எல்லையைத் தாண்டி விரிக்க முடியாது.

விண்ணப்பத்தைச் சோதிக்கும் பரிசீலகரின் முதல் அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் தர வேண்டிய பதிலும் இப்படி நாமே எழுதக் கூடாத ஒன்றுதான். தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து அடுக்கியது என்று பிரிவு 3(எஃப்)-இன் கீழ் ஆட்சேபம் வந்தால், "இதற்காக நான் ஆண்டுக்கணக்கில் உழைத்தேன்" என்பது பதிலாகாது. உறுப்புகள் தனித்தனியே இயங்காமல் ஒன்றையொன்று சார்ந்து புதிய விளைவைத் தருகின்றன என்று காட்ட வேண்டும்.

கையில் பணம் இல்லாதவருக்கு நான் சொல்லும் வழி, கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணமான விவரக்குறிப்பைத் தற்காலிக வடிவில் முதலில் தாமே தாக்கல் செய்வது. இதற்குக் கிளெய்ம் தேவையில்லை. முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாத அவகாசமும் கிடைக்கும். ஆனால் இதை அரைப் பக்கத்தில் முடிப்பது வீண்வேலை. இதில் எழுதப்படாத அம்சத்துக்கு இந்தத் தேதியின் முன்னுரிமை, அதாவது பின்னால் விண்ணப்பிப்பவரை முந்தும் உரிமை, கிடைக்காது என்பதால், வில்லுக்குப் பதில் ரப்பர், கைப்பிடிக்குப் பதில் மோட்டார் என்று தோன்றும் மாற்று வடிவங்கள் அனைத்தையும் வரைபடங்களோடு எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு முன், காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இதே போன்ற கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

அந்த ஓராண்டுக்குள் கருவியை வாங்க ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். இருந்தால் கிளெய்ம் எழுதுவதற்கு மட்டுமாவது ஏஜென்ட்டிடம் போக வேண்டும். நிலத் தகராறு வழக்குகளைப் பார்க்கும் குடும்ப வக்கீல் இதற்குப் போதாது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு செய்தவரே வேண்டும். வாங்க ஆளில்லை என்றால் விண்ணப்பத்தை அப்படியே காலாவதியாக விடலாம். முழு விவரக்குறிப்பு வராத தற்காலிக விண்ணப்பத்தை அலுவலகம் வெளியிடுவதில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கருவியைக் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டியிருந்தால், காலாவதியானதை விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கும்போது நம்முடைய காணொளியையே பரிசீலகர் நமக்கு எதிராக எடுத்து வைப்பார்.