பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை, 1:72 – கொலுவுக்கான மாதிரி, மூன்றாம் வாரம்

எடுத்துக்கொண்ட காட்சி 1801 மார்ச் 31. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் காத்து நின்ற கோட்டைமீது ஆங்கிலக் கம்பெனியின் மேஜர் மெக்காலேயின் படை ஏறிவந்து, தோற்றுத் திரும்பிய நாள்.

இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அதைப் பார்த்து மாதிரி செய்தால் எல்லாமே தப்பாகும். பழையது முழுக்க மண். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடிச் சுவர், சின்னச் சதுரக் கொத்தளங்கள். 1:72இல் நீளம் மட்டும் ஏழடி வரும், எந்தக் கொலுப்படியும் தாங்காது. அதனால் பீரங்கி உடைத்த ஒரு மூலை மட்டும், 45 செ.மீ. சதுரப் பலகையில். இந்த அளவில் கணக்கும் லேசு: 6 அடிக்கு 1 அங்குலம், சுவர் 2 அங்குலம்.

சுவருக்கு முதலில் எடுத்தது திருமங்கலம் பக்கத்துக் கரிசல். காய்ந்ததும் விரல் நுழையும் வெடிப்பு. கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண். அடுத்து விளாச்சேரியில் பொம்மைக்குப் பிசையும் கண்மாய்க் களிமண். களிமண் இரண்டு பங்கு, கொசுவலையில் சலித்த மணல் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய தேங்காய் நார் ஒரு கைப்பிடி. ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவைத்ததில் 9.3 நின்றது. ஆகவே பச்சைச் சுவர் 5.5 செ.மீ. உயரம்; காய்ந்தபின் 2 அங்குலத்துக்கு இறங்கியது.

உள்ளே தெர்மாகோல் வைத்த சுவர் இரண்டே நாளில் பிளந்தது. மண் சுருங்குகிறது, தெர்மாகோல் சுருங்குவதில்லை. பலகையில் நேராக ஒட்டிய சுவருக்கும் அதே கதி: அடிப்பக்கம் நகர முடியாமல் நெட்டுக்குத்தாக வெடிக்கும். செய்தித்தாள் விரித்து அதன்மேல் எழுப்பி, முழுக்கக் காய்ந்தபின் ஃபெவிகாலில் ஒட்டுவதே சரி. மூன்று நாள் ஈரச்சாக்கு மூடி நிழலில். மதுரை வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் முந்திக் காயும்.

உடைப்புதான் இந்த மாதிரியின் உயிர். செங்கல், கல் சிதறல் வேண்டாம். குண்டு பட்ட மண்சுவர் தெறிக்காது, சரியும். சுவர் கை வைத்தால் பதியாத பதத்துக்கு வந்ததும் மேல்விளிம்பைக் கரண்டிக்காம்பால் உள்ளும் வெளியும் அமுக்கி, உதிர்ந்த மண்ணை அடியில் சரிவாக விட வேண்டும். உச்சியில் ஒரு ஆள் நிற்கும் அகலம்கூட விடக்கூடாது. அந்த உச்சியை எட்டியவர்களைத்தான் உள்ளே நின்றவர்கள் நீள ஈட்டியால் குத்தித் தள்ளினார்கள். ஈட்டிக்குப் பனை ஈர்க்கின் நுனி, 3 அங்குலம். பொம்மை உயரத்தைவிட மூன்று மடங்கு என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அளவைக் குறைத்தால் சண்டையே புரியாது.

ஆட்களில் இன்னும் பாதி வேலை பாக்கி. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஆங்கிலச் சிப்பாய்களுக்கு முழுக்கால்சட்டை இருக்கும். மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டையோடு தொடையளவு வெள்ளை அரைக்கால்சட்டை. முழங்காலுக்குக் கீழ் சுரண்டித் தோல்நிறம் பூசினால் போதும். பாளையக்காரர் பக்கத்துக்குக் கம்பி எலும்பும் எம்-சீல் சதையும். ஒரு தடவைக்கு நாலு ஆளுக்கு மேல் குழைக்க வேண்டாம், தலைப்பாகை சுற்றுவதற்குள் இறுகிவிடும்.

அடுத்த வாரம் முள்வேலி. மே 24 காட்சிக்கு, அதாவது கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்த நாளுக்கு, இதே மூலையில் உடைப்பை மட்டும் அகலப்படுத்தினால் ஆயிற்று.