அருவி முன் ஆளை நிறுத்தி லாங் எக்ஸ்போஷர்: விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) செய்முறைத் தேர்வுக்கு

லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுப்பது) என்றதும் பலர் ஷட்டரை 5 நொடி, 10 நொடி திறந்துவிடுகிறார்கள். அருவி பாலாக வந்திருக்கும், முன்னால் இருப்பவர் முகம் கலங்கியிருக்கும். ஆள் இருக்கும் படத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். குற்றாலம் ஐந்தருவி மாதிரி வேகமாக விழும் தண்ணீர் கால் நொடியிலேயே இழை இழையாகத் தெரியும். அரை நொடிக்கு மேல் போகாதீர்கள்.

நிழலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/8 வைத்து மீட்டர் 1/125 நொடி காட்டினால், ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (என்டி64) மாட்டியதும் அது 1/2 நொடியாகும். ஃபில்டர் இல்லையே என்று எஃப்/22 என்ற மிகச் சிறிய துளைக்குப் போனால் ஒளி சிதறும் டிஃப்ராக்‌ஷனில் படம் முழுக்க மழுங்கும். வெயில் ஏறினால் நுரை வெளிறிவிடும். காலை 8 மணிக்குள் முடியுங்கள், இல்லையேல் மேகமூட்டமான நாளாகப் பாருங்கள்.

முதலில் ட்ரைபாடை ஓடும் தண்ணீரில் வைக்காமல் பாறையில் நிறுத்துங்கள். கண்ணில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரை மாட்டுங்கள். ஸ்டெபிலைசேஷனை (அதிர்வைச் சமன்செய்யும் வசதி) அணைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள்.

மதிப்பெண் போகும் இடம் முடியின் ஓரம். கருமுடி சற்று ஆடினாலும் அது விலகிய இடத்தில் பின்னாலுள்ள வெள்ளைத் தண்ணீர் சென்சாரில் பதிந்து, தலையின் ஓரத்தை அரித்துவிடும். ஃப்ளாஷ் போட்டால் சரியாகும் என்று நம்பவேண்டாம். ஃப்ளாஷ் ஆளை உறையவைக்கும், ஆனால் மீதி நேரமெல்லாம் பின்னணி வெளிச்சம் பதிந்துகொண்டே இருக்கும். தலைக்குப் பின்னால் நுரை வராமல் ஈரப் பாறை வருமாறு கேமராவை ஓரடி நகர்த்துவதுதான் சரியான தீர்வு.

ஆளை நிற்கவைக்காதீர்கள். முதுகு பாறையில் சாய்ந்து, முழங்கை முழங்காலில் ஊன்றியபடி உட்காரட்டும். அருவிக் காற்றில் துப்பட்டா, முந்தானை பறக்கும், ஊக்கு குத்துங்கள். கண்ணை மூடித் திறந்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி உடனே எடுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று தேறினாலே நல்ல கணக்கு.

சாரல் லென்ஸில் ஒட்டினால் முகத்தில் வட்டம் வட்டமாக மங்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடைக்க மூன்று மைக்ரோஃபைபர் துணியாவது வேண்டும்.

மழை மேலே மலையில் பெய்தாலும் வெள்ளம் கீழே சட்டென்று வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஓர் உயிர் போனது. தண்ணீர் கலங்கினால் கேமராவை விட்டுவிட்டாவது ஆளை வெளியே கொண்டுவாருங்கள்.

முன்னெச்சரிக்கையாக இன்னொரு படம்: ட்ரைபாட், ஃபில்டர், அப்பர்ச்சர் எதையும் மாற்றாமல் ஐஎஸ்ஓவை மட்டும் 3200 ஆக்கி 1/60இல் ஆளை எடுத்துவையுங்கள். வெளிச்சம் ஒன்றுதான் என்பதால் இரண்டு படங்களையும் எடிட்டிங்கில் லேயராக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எளிதாகச் சேர்க்கலாம். சேர்த்தால் செய்முறை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுங்கள். மறைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஷட்டர் வேகம் கேட்கும்போதே பிடிபடும்.