பட்டியலில் இல்லாத மருந்து

செங்குன்றத்தைத் தாண்டி ஒரு கத்தரித் தோட்டம். விளைச்சல் கோயம்பேட்டுக்குப் போகும். பூச்சிமருந்து மிச்சத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் அங்கே மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுக்கப் போனேன். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். மே மாத வெயிலில் செய்து பார்த்தால் தெரியும். தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில்தான் பிடிப்போம். பிளாஸ்டிக் என்றால் சில மருந்துகள் அதன் உட்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் தேடுவது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 12 மில்லிகிராம், ஏறக்குறைய பாதி அரிசியின் எடை, கரைந்திருந்தால் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

மண்ணில் டிடிஇ கிடைத்தது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து சிதைந்து உண்டாவது. "அதை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்லை சார்" என்றார் விவசாயி. உண்மைதான். விவசாயத்தில் அதற்குத் தடை வந்தது 1989இல். இது அவருடைய அப்பா காலத்து மிச்சம். மண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கரையாது. கிணற்றுத் தண்ணீருக்கு 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை கொடுத்தோம்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அவர் தெளிப்பானை மோட்டார் கொட்டகை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் கிணற்றோரமாகவே தேங்கியது. பக்கத்தில் கடும் விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் போட்ட காலி டப்பா: மோனோகுரோட்டோபாஸ். காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை செய்யப்பட்டது.

"கடைக்காரர் கொடுத்தார். புழுவுக்கு நல்லா கேக்குது சார்."

அது தண்ணீரில் சட்டென்று கரையும், மண்ணில் அதிகம் ஒட்டாது. கிணற்றுக்குப் போக அதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பட்டியலிலோ டிடிடி, எண்டோசல்பான் மாதிரி பழைய குளோரின் மருந்துகள் மட்டும். மோனோகுரோட்டோபாஸை நாங்கள் தேடவே இல்லை. அறிக்கையில் எழுதியது பொய்யில்லை. ஆனால் படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் மண்வெட்டியைத் தொடும் முன் "காலி டப்பாவை எங்கே போடுவீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

அன்று கொட்டகைச் சுவரில் எங்கள் அறிக்கை தொங்கியது. "அதைப் பார்த்த அப்புறம் வீட்டுக்கும் இந்தத் தண்ணிதான்" என்றார். காரில் ஒரே ஒரு காலிப் பாட்டில் இருந்தது. நிரப்பிக்கொண்டேன். முடிவு வரும்வரை குடிக்காதீர்கள் என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி அந்தத் தாளைக் கழற்றித் தரச் சொன்னேன்.

"லேமினேஷனுக்கு முப்பது ரூபா ஆச்சு சார்" என்றார்.