மூன்றாம் ஆண்டில் குடிவந்த குண்டுகரிச்சான்

பாட்டுப் பறவையான குண்டுகரிச்சானுக்காக நான் செய்து மாட்டிய கூட்டுப் பெட்டியை விட்டு, மூன்று குஞ்சுகளும் ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கிவிட்டன. நான்காவது முட்டை பொரிக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அன்று தீபாவளிதான். மூன்று ஆண்டுகளாக ஐந்து பெட்டிகள் செய்து, “மைனாவுக்கும் அணிலுக்கும் இலவச வீடு கட்டிக் கொடுக்கிற மகராசன்” என்று மாமியாரிடம் பேர் வாங்கியவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

பலகைத் தடிமன், தண்ணீர் வடியும் துளை, உட்புறம் பெயிண்ட் கூடாது என்பதெல்லாம் பெட்டி செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னை அலைக்கழித்தது வாசல் துளை.

முதல் ஆண்டு 65 மில்லிமீட்டர் வைத்தேன். பெட்டியை மாமரத்தில் கட்டிய பத்தாம் நாள் மைனா ஜோடி பிளாஸ்டிக் உறை, வைக்கோல், எங்கிருந்தோ ஒரு பாம்புச் சட்டை எல்லாம் கொண்டுவந்து அடைத்துக் குடித்தனம் தொடங்கிவிட்டது. குண்டுகரிச்சான் ஆண், எதிரே முருங்கைக் கிளையில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியதோடு சரி. பாட்டில் சூரன், பொந்துச் சண்டையில் மைனாவிடம் தோற்றுப்போவான். சிங்கப்பூரில் இந்தப் பறவை ஒரு காலத்தில் அரிதாகிப் போனதற்கு, கூண்டில் வளர்க்கப் பிடித்ததோடு மைனாக்கள் பொந்துகளைப் பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம் என்று படித்தபோது, என் மாமரம் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் ஆண்டு 50 மில்லிமீட்டர். மைனா வரவில்லை, அணில் வந்தது. வாசலைச் சுற்றிக் கொறித்துக் கொறித்து மறுபடி 65 ஆக்கிவிட்டுத் தேங்காய் நாரும் எங்கள் தலையணைப் பஞ்சும் திணித்துக்கொண்டது.

இந்த ஆண்டு 44. ஏன் 44 என்றால் பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. கடையில் இருந்த, துளை போடும் வட்ட ரம்பங்களில் 51க்கு அடுத்த சிறிய அளவு அதுதான். மரத்துக்கு என்று கேட்டு வாங்கியும் கடைக்காரர் கொடுத்தது இரும்புக்கானது. சில்வர் ஓக் பலகையில் வைத்ததும் புகை வந்தது, வாசல் கருகியது, பல் மழுங்கியது. வேறு வாங்கி வந்து ஒரே பக்கமாக அழுத்தித் துளைத்ததில் பின்புறம் சிம்பு சிம்பாகப் பிய்ந்தது. அந்தச் சிம்பு ஒன்று கட்டைவிரல் நகத்துக்குள் ஏறி இரண்டு நாள் படுத்திவிட்டது. கடைசியில் பிடிபட்ட முறை இது: நடுவில் மெல்லிய துளை ஒன்றை மறுபக்கம் வரை விட்டுக்கொண்டு, முன்பக்கம் பாதி, பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பாதி. துளை வெளிப்புறம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் சாரல் உள்ளே போகாது. அதன் பிறகு உப்புத்தாள், அதன் மேல் எண்ணெய் டின்னில் வெட்டிய தகர வளையம். அணில் பல் அதில் ஏறாது. வளையத்தின் விளிம்பை உள்ளே மடித்து அடிக்க மட்டும் ஒரு முழு மாலை போயிற்று. மடிக்காமல் விட்டால் பறவையின் நெஞ்சைக் கிழித்துவிடும்.

வாசலுக்குக் கீழே உட்புறப் பலகையில் உளியால் குறுக்குக் கோடுகள் போடுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழைத்த பலகையில் குஞ்சு எப்படி ஏறும்?

பலகை பொள்ளாச்சி மர அறுவை மில்லில் கழிவாகக் கிடப்பது. வேப்பம்பலகையும் கிடைக்கிறது, ஆனால் வெயிலில் முறுக்கிக்கொள்கிறது. என் இரண்டாவது பெட்டியின் மூடி இப்போது படகு போல இருக்கிறது.

பெட்டியை மரத்தை விட்டுக் கிழக்குச் சுவருக்கு, சன்ஷேடின் அடியில் மாற்றினேன். மார்ச் மூன்றாம் வாரம் பெண் வந்தது. சாம்பல் பூசிய உடம்பு, ஆணின் பளபளப்புக் கறுப்பு கிடையாது. வேரும் புல்லும் சுமந்ததில் பெரும்பங்கு அதனுடையதுதான். ஆண் விடிவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறிப் பாடிக்கொண்டிருந்தது. அடைகாத்ததும் பெண் மட்டும்தான். அது இரை தேடப் போன நேரம் பார்த்துப் பெட்டியின் பின்கதவை ஒரே ஒரு முறை திறந்தேன்: வெளிர் நீலப் பச்சையில் செம்பழுப்புப் புள்ளி தெறித்த நான்கு முட்டைகள். பன்னிரண்டாம் நாள் உள்ளே சத்தம் கேட்டது.

இரை ஊட்டுவதில் ஆணும் சேர்ந்துகொண்டது. புழு, வெட்டுக்கிளி, மண்புழு என்று போய்க்கொண்டிருந்த விருந்தில் ஒரு நாள் பெண் ஒரு பல்லிக் குட்டியைக் கொண்டுவந்தது. துணி துவைக்கும் கல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் துவைத்துவிட்டுத்தான் உள்ளே போனது. ஒரு குஞ்சு பாதி விழுங்கி, வால் வாய்க்கு வெளியே தொங்க, அப்படியே வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஏணி எடுக்க எழுந்தேன். அதற்குள் தாய் வந்து வாலைப் பிடித்து வெளியே இழுத்து, மறுபடி அடித்து, இன்னொரு குஞ்சுக்குக் கொடுத்துவிட்டது.

ஆணுக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. என் பைக் கண்ணாடியில் தெரிந்த எதிரியோடு வாலை விரித்து, அலகை வானத்துக்கு நிமிர்த்தி, நாள் முழுக்கப் போர். கண்ணாடிக்குப் பழைய காலுறை மாட்டியிருக்கிறேன். கழற்ற மறந்து ஒரு நாள் கடைவீதி வரை அப்படியே போய்விட்டேன்.

பெயரிலும் ஒரு குழப்பம். கரிச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் பலர் இரட்டைவால் குருவியைத்தான் காட்டுகிறார்கள். இது குண்டுகரிச்சான், வங்கதேசத்தின் தேசியப் பறவை, அவர்களுடைய பழைய இரண்டு டாக்கா பணநோட்டில் படமாக இருந்தது என்று மாமியாரிடம் சொன்ன பிறகு, பெட்டிக்கு மரியாதை கொஞ்சம் கூடியிருக்கிறது.

அடுத்து அதிகாலைப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடுநடுவே ஆண் மற்றப் பறவைகளின் குரலிலும் பாடிக் காட்டுகிறது, அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க ஆசை. மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை வாங்கலாமா, கம்பளித் துணியில் நானே தைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தென்னந்தோப்புக் காற்று சாதாரண உறைக்கு அடங்காது.

அதற்கு முன் பழைய கூட்டை வெளியே எடுத்துப் பெட்டியைக் கழுவ வேண்டும். பின்கதவுக் கீல் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. எண்ணெய் விட்டு வைத்துவிட்டு இன்று காலை போய்ப் பார்த்தால், சன்ஷேடின் மேல் அதே பெண், வாயில் ஒரு வேர்த் துண்டு.