மயக்கம் இல்லை, சுத்துது

கடந்த டிசம்பரில் ஒரு விடியக்காலை, வலது பக்கம் புரண்டு படுத்தேன். கூரைத் தகரம் அப்படியே சுழன்று என்மேல் இறங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்; மூடியும் சுற்றியது. அரை நிமிஷத்துக்குள் நின்றுவிட்டது. தட்டுத் தடுமாறி இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டு முன் திண்ணைக்கு, வந்து வாந்தி எடுத்தேன். வெளியே அவ்வளவு பனி, எனக்கோ உடம்பெல்லாம் வேர்வை.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வயது 54. அதே வாரம் கரும்பலகையின் மேல் ஓரத்தில் திகதி எழுதத் தலையை நிமிர்த்தினேன், மறுபடியும் வந்தது. பிள்ளைகள் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ரத்தம் குறைவாக இருக்கும் என்றார்கள். அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் எனக்காகப் பேசினார். "தலைச்சுத்து, மயக்கமா வருது" என்று நான் சொன்னதை அவர் "கலந்தெ" என்றார். சிங்களத்தில் அது மயங்கி விழுகிற மாதிரி வருவது. மயக்கத்துக்கு என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தார்கள்: பிரஷர், சீனி, ரத்தம், ஈசிஜி. எல்லாம் சரி. மாத்திரை தந்தார்கள். நாற்பது நாள் குடித்தேன். குமட்டல் அடங்கியது, பகலெல்லாம் தூக்கம் வந்தது, புரண்டால் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, படியில் சுவரைத் தடவித் தடவித்தான் இறங்கினேன்.

எங்கள் பாடசாலைச் சிங்கள டீச்சர்தான் சொன்னார்: "கலந்தெ என்று சொல்லாதீங்க அக்கா. ஒலுவ கெரகெனவா என்று சொல்லுங்க." தலை சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

கண்டியில் காது மூக்கு தொண்டை டொக்டர் ஒருவரை சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் எடுத்தோம். கினிகத்தேனை வளைவுகளை நினைத்துப் பயந்துகொண்டே பஸ் ஏறினேன். அவை ஒன்றுமே செய்யவில்லை. இதைச் சொன்னதும் டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் சுற்றும், எந்தப் பக்கம் புரண்டால் வரும், காது மந்தமா, இரைச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பிறகு கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் பாதியளவு திருப்பி, கண்ணை மூடாதீங்க என்று சொல்லிச் சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கியது. இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் அறையே கழன்றது. டொக்டரின் கையை நகம் பதியப் பிடித்திருக்கிறேன். என் கருவிழி சுழன்று சுழன்று துடித்ததாகப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். டொக்டர் பார்க்க நினைத்ததும் அதைத்தான். இடது பக்கம் சாய்த்தபோது கண் அசையவே இல்லை.

உட்காதில் சுண்ணாம்புத் தூள் போலச் சின்னச் சின்னத் துகள்கள் எல்லாருக்கும் உண்டாம். அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போது உள்ளே இருக்கிற நீரைக் கலக்கும். நாம் சுற்றுகிறோம் என்று காது மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்பும். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. தலையைத் திருப்பித்தான் வெளியே உருட்ட வேண்டும். ஜோன் எப்லி என்ற அமெரிக்கக் காது டொக்டர் கண்டுபிடித்து, 1992இல் கட்டுரையாக வெளியிட்ட முறை அது.

தொங்கிய தலையோடு சுற்றல் அடங்கும்வரை வைத்திருந்தார். மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார். பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்க வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம். கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். இரண்டாம் தடவை சாய்த்தபோது கூரை கூரையாகவே இருந்தது. அழுதுவிட்டேன்.

பத்து நாளைக்கு ஈரப் புல் மேட்டில் நடக்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம் இருந்தது. படுத்துக் கிடக்காமல் நடக்கச் சொன்னார், நடந்தேன். நாலு மாதத்தில் திரும்ப வந்தது. அப்படி வருவது சகஜமாம்; போய் மறுபடி செய்துகொண்டேன். கழுத்து வலி உள்ளவர்கள் இதை வீட்டில் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். சுற்றலோடு நாக்குக் குழறினால், வாய் கோணினால், ஒரு கை கால் சோர்ந்தால், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது மூளையில் வந்த அடைப்பாகவும் இருக்கலாம். சனல் பண்ணிக் காத்திருக்காமல் உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

போன கிழமை பக்கத்து லயத்து அக்கா வந்து, "டீச்சர், எனக்கும் ஒங்க தலைச்சுத்துதான்" என்றார்.

"படுத்துப் புரளும்போதா அக்கா, எழும்பி நிக்கும்போதா?"

"குனிஞ்சு கூடையைத் தூக்கி நிமிந்தா கண்ணு இருட்டுது. படுத்தா சரியாப் போயிரும்."

சுற்றுகிறதா என்றேன். இல்லை என்றார். அவருக்கு வந்ததுதான் மயக்கம். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, ரத்தமும் பிரஷரும் பார்க்க அவரோடு நானும் போனேன்.